யார் வரைவது நம் ஊரை?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. காரைக்கால் கரையில் வாழ்ந்த எவரும் அந்நாளை மறந்திருக்க முடியாது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு, அக்கம்பேட்டை, மண்டபத்தூர், காளிக்குப்பம் என்று கடலை நம்பிக் குடியிருந்த மீனவர் ஊர்களுக்குள் அந்தக் கடலே புகுந்தது. நூற்றுக்கணக்கான உயிர்களைக் காரைக்கால் பறிகொடுத்தது. அண்டையிலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர் தொகை 6,000த்தைக் கடந்தது. நாகூர் தர்கா வளாகம் வீடிழந்தோர்க்கு அடைக்கலம் ஆயிற்று. மாண்டோரை அடக்கம் செய்யவும் இடம் தந்தது. சாதி, சமயம் பாராமல் சடலங்களைத் தோளில் சுமந்து சென்று அடக்கிய நம் சமுதாயத்து இளைஞர்களை நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டை இன்றளவும் நாம் மேடைகளில் நினைவுபடுத்திக் கொள்கிறோம்.

ஆனால் அந்நாட்களில் நாம் கண்ட மற்றொரு காட்சியை எவரும் மேடையில் கூறுவதில்லை. வெளியூர்களிலிருந்து அரிசியும் பாத்திரமும் பாயும் போர்வையும் ஏற்றிய லாரிகள் வந்து கொண்டிருந்தன. ஓட்டுநரிடம் ஓர் ஊரின் பெயர் இருந்தது, வழி இல்லை. கடைத்தெருவில் வண்டியை நிறுத்திக் கேட்டார். ஒருவர் கிழக்கே போகச் சொன்னார். மற்றொருவர், அந்தப் பக்கத்து வாய்க்கால் பாலம் லாரியைத் தாங்காது என்றார். மூன்றாமவர், அதே பெயரில் இன்னொரு குப்பமும் உண்டே என்று ஐயத்தைக் கிளப்பினார். முடிவில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே மூட்டைகள் இறக்கப்பட்டன. சாலையோரம் இருந்தவர் இருமுறை பெற்றார். உள்ளடங்கிய தெருவில் இருந்தவர் ஒருமுறையும் பெறவில்லை. எவரும் உடுத்த விரும்பாத பழந்துணிகள் சாலையோரங்களில் குப்பையாய்க் குவிந்து மழையில் நனைந்தன. இது கொடுக்க மனமில்லாமையால் நேர்ந்த குறையன்று. கொண்டு சேர்க்க வழி தெரியாமையால் நேர்ந்த குறை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நாம் வெளிப்படையாகக் கேட்கிறோம்: இன்று அந்த லாரி திரும்பி வந்தால், அதன் ஓட்டுநர் வழி கேட்காமல் கடைசிக் குடிசை வரை போய்ச் சேர்வாரா? இல்லையெனில், அந்தக் குறைக்கு யார் பொறுப்பு?

பொதுவில் வைத்த படம்

பேரலை எழுந்த அதே 2004ஆம் ஆண்டில், அதற்குச் சில மாதங்கள் முன்பு, இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்னும் இளைஞர் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினார். அந்நாட்டு அரசின் நில அளவைப் படங்களைப் பயன்படுத்தக் கட்டணமும் கட்டுப்பாடும் மிகுதியாய் இருந்தன. தெருவில் நடக்கிறவர்களே தெருவை வரைந்துகொண்டால் என்ன என்று அவர் எண்ணினார். 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று அதற்குப் பெயர். எவரும் வரையலாம், எவரும் திருத்தலாம், எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். நிபந்தனைகள் இரண்டே. யாருடைய உழைப்பு என்பதை மறைக்கக் கூடாது. அதை வளர்த்து வெளியிடுவோர், வளர்த்த பகுதியையும் அதே உரிமையுடன் பொதுவில் வைக்க வேண்டும்.

இதைப் படித்தவுடனே நம் வாசகர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும். வக்ஃப்! விற்க முடியாது, ஒருவர் தமதாக்கிக்கொள்ள முடியாது, பயன் மட்டும் எல்லார்க்கும் உரியது என்னும் ஏற்பாட்டை நாம் பிறரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. நிலத்தையும் கிணற்றையும் வக்ஃப் செய்த சமுதாயம், தான் அறிந்த வழியையும் வக்ஃப் செய்யலாம் என்பதை மட்டும் இன்னும் உணரவில்லை.

இப்படத்தின் வலிமையை உலகம் 2010 ஜனவரி 12ஆம் நாளுக்குப் பின் கண்டது. ஹெய்ட்டி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தில் சரிந்தபோது, மீட்புப் படையினர்க்குக் கொடுக்கத் தக்க தெருப்படம் கிடைக்கவில்லை. அந்நகரைக் கண்ணால் கண்டறியாத நூற்றுக்கணக்கான தொண்டர்கள், தத்தம் வீடுகளில் அமர்ந்தவாறே, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாய் வரைந்தனர். சில நாட்களுக்குள் மீட்புக் குழுக்களின் கருவிகளில் அந்தப் படம் ஏறியது. 2014இல் கினி நாட்டில் எபோலா நோய் பரவியபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேட்டுக்கொண்டதன்பேரில், நோயாளிகளின் ஊர்கள் எங்குள்ளன என்று காட்டும் படத்தை இத்தொண்டர்களே ஆக்கினர். 2015 ஏப்ரலில் நேபாளம் நடுங்கியபோது, காத்மாண்டு இளைஞர் குழு ஒன்று பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் முன்னதாகவே வரைந்து வைத்திருந்தது. ஆகவே பேரிடர் நாளில் வெறுந்தாளிலிருந்து தொடங்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. 2017இல் மியான்மரிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா மக்கள், வங்காள தேசத்துக் காக்ஸ் பஜார் குன்றுகளில் தஞ்சம் புகுந்தனர். அங்கே குடிசைகளுக்கிடையே நடைவழியையும் குழாயையும் கழிப்பிடத்தையும் குறித்துக் கொடுத்தவர்களுள் இத்தொண்டர்களும் இருந்தனர்.

ஐக்கிய நாடுகள் சபையும் தன் அமைதி காக்கும் பணிகளுக்காக இப்படத்தையே நாடி வந்திருக்கிறது. 'யு.என். மேப்பர்ஸ்' என்னும் பெயரில் தொண்டர்களைத் திரட்டி, சோமாலியா போன்ற நாடுகளின் ஊர்களையும் சாலைகளையும் அது வரைவித்து வருகிறது. படையும் பணமும் பெற்ற ஓர் உலக அமைப்புக்கே தொண்டர் வரைந்த படம் தேவைப்படுகிறதென்றால், நமக்குத் தேவையில்லை என்று கூறுவது எந்த அறிவின்பாற்பட்டது?

தொலைநாட்டுக் கதைகள் என்று தள்ளிவிட வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, இதே திறந்த படத்தின்மீது, நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்தனர். அவ்வாறு குறிக்கப்பட்டவை 2,000த்தைக் கடந்தன. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இலங்கை மட்டக்களப்பில், 2013ஆம் ஆண்டை ஒட்டி, அந்நாட்டுப் பேரிடர் மேலாண்மை நிலையம் உலக வங்கியின் துணையுடன் இத்தகைய பணியை மேற்கொண்டு 30,000 கட்டடங்கள் அளவுக்கு வரைந்து முடித்தது. மட்டக்களப்பால் முடிந்தது காரைக்காலால் முடியாதா?

எல்லையில் நிற்கும் படம்

மற்ற ஊர்களைவிட நம் ஊருக்கு இது ஒரு படி கூடுதலாகத் தேவை என்போம். காரணம், நம் ஊரின் பிறவியிலேயே இருக்கிறது. 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற துண்டு நிலம் இது. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி அகன்ற பின்னும் துண்டு துண்டாகவே இருந்தது. நம் தலைநகரான புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நம்மைச் சூழ்ந்திருப்பவையோ தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். வாஞ்சூரில் ஓரடி எடுத்து வைத்தால் வேறு மாநிலம். மலிவு மது தேடி வருவோர்க்கு அந்த எல்லை இருட்டிலும் தெரிகிறது. ஆம்புலன்ஸுக்கு மட்டும் பகலிலும் தெரிவதில்லை.

தமிழ்நாட்டு நிர்வாகம் வரையும் பேரிடர்ப் படம் அதன் எல்லையோடு நிற்கிறது. புதுச்சேரி நிர்வாகத்தின் படம் இதன் எல்லையோடு நிற்கிறது. ஆனால் அரசலாறு எல்லைக் கல்லைக் கண்டு நிற்பதில்லை. திருமலைராஜனாறும் நிற்பதில்லை. மேலே உள்ள தமிழ்நாட்டு மதகு எப்போது திறக்கும் என்பதைப் பொறுத்து, கீழே உள்ள நம் வயலும் தெருவும் மூழ்கும் அல்லது தப்பும். 2018 நவம்பர் 16ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், இது எந்த மாநிலம் என்று விசாரித்துவிட்டு வீசவில்லை. வெள்ளமும் காற்றும் ஒன்றாய்ப் பார்க்கும் நிலத்தை, மீட்கப் போகிறவன் மட்டும் இரு தாள்களில் கிழித்துப் பார்க்க வேண்டுமா? எல்லையின் இரு பக்கத்தையும் ஒரே தாளில் காட்ட வல்லது, எந்த அலுவலகத்துக்கும் கட்டுப்படாத, மக்களே வரைந்த படந்தான்.

மறுப்போர்க்கு விடை

"அரசு செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்பார் சிலர். அரசு செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1767இல் தொடங்கிய நில அளவைத் துறை நம் நாட்டில் உண்டு. ஆனால் நீண்ட காலம், கடற்கரைப் பகுதிகளின் விரிவான படங்கள் பாதுகாப்பின் பெயரால் சாதாரணக் குடிமகன் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்தன. 2016இல் வந்த ஒரு மசோதா வரைவு, அனுமதியின்றிப் படம் வைத்திருப்போர்க்கு 100 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றது. நல்ல வேளையாக அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், பாதுகாப்புக்குரிய சில விவரங்கள் நீங்கலாக, முன் அனுமதியின்றிப் படம் வரையவும் வெளியிடவும் இந்தியக் குடிமக்களுக்கு வழி திறந்துவிட்டன. கதவு திறந்த பின்னும் வாசலில் நின்று, கதவு அடைத்திருக்கிறது என்று புலம்புவது முறையாகாது. மேலும், சென்ற ஆண்டு மழையில் எந்த மண்பாதை அரித்துப் போயிற்று, எந்தச் சந்தில் இடுப்பளவு நீர் நிற்கும், எந்த மதரஸாவுக்கு மாடி உண்டு என்பன எந்த அலுவலகக் கோப்பிலும் இரா. அவை நம் தலைக்குள் இருக்கின்றன. நாம் மௌத்தாகும்போது அவையும் நம்மோடு கபுறுக்குள் போய்விடும்.

"கைப்பேசியில் கம்பெனிப் படம் இருக்கிறதே, அது போதாதா?" என்பார் வேறு சிலர். இருக்கிறது, பயன்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது கம்பெனியின் சொத்து. அதைப் படியெடுத்து, வேண்டியதைச் சேர்த்து, நிவாரணக் குழுவுக்கென வேறொரு படம் ஆக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. கடையும் வண்டியும் செல்லும் தெருவில் கம்பெனிக்கு ஆதாயம் உண்டு. வலை காயும் குப்பத்துச் சந்தில் என்ன ஆதாயம்? ஆதாயம் இல்லாத இடத்தில்தான் அலை முதலில் ஏறுகிறது.

"நம் தொண்டர் வரைந்ததைப் பெரும் கம்பெனிகளும் எடுத்துக்கொள்கின்றனவே!" என்னும் குறையும் உண்டு. உண்மைதான். உலகின் மிகப் பெரிய கம்பெனிகள் சில இப்படத்தைப் பயன்படுத்துகின்றன. வக்ஃப் கிணற்றில் செல்வந்தனும் நீர் அருந்துவான். அதற்காகக் கிணற்றைத் தூர்த்து, ஏழையின் தாகத்தை வளர்ப்போமா?

இவையெல்லாம் எளிய மறுப்புகள். இன்னொன்று உண்டு. அதை எளிதாய்த் தள்ள நாம் விரும்பவில்லை. "நம் வீடும் பள்ளிவாசலும் எங்குள்ளன என்று நாமே படம் போட்டுக் கொடுத்தால், நாளை கலகக்காரன் கையில் அது சிக்காதா?" என்று நம் குடும்பத்துப் பெரியவர்கள் கேட்கிறார்கள். இது கோழைத்தனமான கேள்வியன்று. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிப் போன கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது பதிவாகிய வரலாறு. பட்டியல் ஆளைக் கொல்லும் என்பதை அறிந்த மக்கள் அஞ்சுவது இயல்பே.

ஆனால் உற்று நோக்குங்கள். அங்கே கொன்றது எது? தெருவின் படமா? இல்லை, எந்த வீட்டில் எவர் குடியிருக்கிறார் என்னும் பெயர்ப் பட்டியல். இந்த வேறுபாட்டில்தான் நம் விடை அடங்கியிருக்கிறது. பாதையை வரையுங்கள், பாலத்தை வரையுங்கள், குளம், மதகு, பள்ளிக்கூடம், மருந்தகம், கண்ணுக்குத் தெரியும் கட்டடம் அனைத்தையும் வரையுங்கள். உள்ளே வாழ்பவர் எவர், அவர் பெயர் என்ன, சமயம் என்ன என்பவற்றை ஒருபோதும் எழுதாதீர்கள். இத்திறந்த படத்தின் தொண்டர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட நெறியும் அதுவே. பள்ளிவாசலின் மினாரா வானத்துக்கே தெரிகிறது. அதை மறைத்து என்ன காண்போம்? உயிருக்கு அஞ்சி ஒளிந்திருப்போரின் இருப்பிடத்தையோ குறிக்கவே கூடாது. அங்கே வெறுமையே பாதுகாப்பு. படை வைத்திருப்பவனிடமும் கலகம் செய்கிறவனிடமும் ஏதோ ஒரு வழியில் வழித்தகவல் இருக்கவே இருக்கிறது. வழி தெரியாமல் தவிப்பது எப்போதும் மருத்துவச்சியும் ஆம்புலன்ஸும் அரிசி லாரியுந்தான்.

பெருமையும் கடமையும்

இனி நம்மவர்க்கே சில சொற்கள். சிசிலி நாட்டு மன்னன் ரோஜருக்காக அல்-இத்ரீஸீ உலகப் படம் வரைந்து 1154இல் முடித்தார் என்று மீலாது மேடைகளில் முழங்குகிறோம். கடலோடிகளுக்கு வழிநூல் எழுதிய இப்னு மாஜிதைப் போற்றுகிறோம். நம் மரைக்காயர்கள் விண்மீன் பார்த்து மரக்கலம் செலுத்தினர் என்று மார்தட்டுகிறோம். நன்று. ஆனால் அல்-இத்ரீஸீ எவ்வாறு வரைந்தார் என்பதை எண்ணிப் பார்த்தோமா? பயணிகளை வரவழைத்து விசாரித்தார், பலர் கூற்றும் ஒத்த செய்தியை ஏற்றார், முரண்பட்டதைத் தள்ளினார். இன்றைய திறந்த படத்தில் ஒருவர் வரைந்ததை மற்றவர் சரிபார்ப்பதும், எவர் எப்போது எதை மாற்றினார் என்பது பதிவில் நிற்பதும் அதே முறைதான். பாட்டனார் உலகத்தை வரைந்தார். பேரனுக்குத் தன் தெருவை வரையத் தெரியவில்லை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஜனாஸாவை அடக்குவதைப் பற்றி நாம் அறிவோம். ஊரில் சிலர் செய்தால் எல்லார் மீதுள்ள கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. மார்க்கத் தீர்ப்பு வழங்க நாம் முற்படவில்லை. அது உலமாக்களின் துறை. ஆனால் மாண்டபின் அடக்கும் பொறுப்பை அவ்வளவு செம்மையாய் ஆற்றிய சமுதாயம், மாளாமல் காக்கும் பொறுப்பில் பின்தங்கலாமா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியது மலையளவு வேலையன்று. காரைக்கால் முழுவதும் 160 சதுர கிலோமீட்டர் அளவுதான். நம் பிள்ளைகள் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஊரின் கூரைகளையும் பாதைகளையும் அங்கிருந்தே வரைந்துவிடலாம். ஆனால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கூரை தெரியும், பெயர் தெரியாது. அதற்கு ஊரில் இருப்போர் நடக்க வேண்டும். கல்லூரி மாணவர் கைப்பேசியுடன் நடக்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரும் தபால்காரரும் உடன் வந்து பெயர் சொல்லட்டும். பிரெஞ்சுக் காலத்துப் பெயர், அரசு வைத்த பெயர், மக்கள் வாயில் வழங்கும் பெயர் மூன்றையும் எழுதட்டும், தமிழிலேயே எழுதட்டும். ஆபத்தில் தொலைபேசியை எடுப்பவர் வாயில் வருவது அரசு வைத்த பெயரன்று. எந்தக் கொல்லையில் நீர் புகும், எந்த அடுக்களைக் கிணறு உப்பாகும் என்பதைப் பெண்களிடம் கேட்டு, பொதுவான பள்ளங்களைக் குறிக்கட்டும். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு ஜமாஅத்தும் இதை ஆண்டுதோறும் சரிபார்க்கட்டும். மின்சாரம் போன நாளில் கைப்பேசி உதவாது. ஆகவே அச்சிட்ட படி ஒன்று பள்ளிவாசல் அலுவலகச் சுவரில் தொங்கட்டும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லிவிடுகிறோம். நம் மஹல்லாவை மட்டும் அழகாய் வரைந்துவிட்டு நிறுத்திக்கொள்வோமானால், இந்தப் பணியைத் தொடங்காமலே இருப்பது மேல். 2004இல் அலை முதலில் ஏறியது மீனவர் குப்பங்களில். அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு, அவர்கள் இசைவோடும் அவர்கள் பிள்ளைகளோடும் சேர்ந்து வரைய வேண்டும். அன்று சடலத்தை எடுத்தபோது நம் இளைஞர்கள் எந்தத் தெருவின் சடலம் என்று கேட்கவில்லை. இன்று பாதையை வரையும்போதும் அந்தக் கேள்வி எழக் கூடாது.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் வாசகர்கள் ஒன்று செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டிலுள்ள பிள்ளையை அழைத்து, அந்தத் திறந்த படத்தில் உங்கள் தெருவைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்துக் கிளிஞ்சல்மேட்டைத் தேடச் சொல்லுங்கள். சந்துகள் விடுபட்டிருந்தால், பெயர் இல்லாமலோ தவறாகவோ இருந்தால், அந்தக் குறையை எந்த அரசின் மீதும் எந்தக் கம்பெனியின் மீதும் சுமத்த வேண்டாம். அது நம் கடன். அடுத்த புயல் வரும். அடுத்த லாரியும் வரும். அதன் ஓட்டுநர் மறுபடியும் கடைத்தெருவில் நின்று வழி கேட்பாரானால், வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.